சென்டர் ஸ்டாண்டு காது பிஞ்சு நான் பட்ட பாடு

2025 ஜனவரி, பொங்கலுக்கு நாலு நாள் இருக்கு. தூத்துக்குடில இருந்து திருச்செந்தூர் ரோட்டுல, கடை கடையா போடுறதுக்கு பைக்கு பின்னாடி ரெண்டு பெட்டி மக்ரூன், ஒரு பெட்டி ரஸ்க்கு, சைடு பைல சேவு பாக்கெட்டுன்னு ஏத்திக்கிட்டு போயிட்டு இருக்கேன். முள்ளக்காடு தாண்டி பழையகாயலுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் உப்பளமா வருமே, அந்த எடத்துல ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுனதும் அடியில டங்குனு ஒரு சத்தம். அடுத்த செகண்டே ரோட்டுல இரும்பு இழுபடுற சத்தம், வண்டி பின்பக்கம் எடது பக்கமா தூக்கி தூக்கி போடுது. ரோட்டோரத்துல திருச்செந்தூருக்கு நடந்து போற பாதயாத்திரை கூட்டம், சின்ன புள்ளைங்க கூட இருந்துச்சு. பிரேக்க மிதிச்சா பெடல் உள்ள போகவே மாட்டேங்குது. முன் பிரேக்கு மட்டும் வச்சு, கிளட்ச்ச புடிச்சு எப்படியோ ஓரமா நிப்பாட்டிட்டேன். கீழ விழல, யாரு மேலயும் போய் மோதல. ஆனா எறங்கி நின்னதுக்கு அப்புறம் ஒரு பத்து நிமிஷம் என் கை நடுக்கம் நிக்கல. அந்த புள்ளைங்க நடந்து போன தூரம் என் வண்டில இருந்து ஒரு ரெண்டடி தான் இருக்கும், அத இன்னைக்கு நெனச்சாலும் வயித்த என்னமோ பண்ணும்.

குனிஞ்சு பாத்தா சென்டர் ஸ்டாண்டு ஒரு பக்கம் தொங்குது. ஸ்டாண்டு ஒடியல, ஸ்பிரிங்கும் அறுந்து போகல. ஸ்டாண்ட சேஸ்ல புடிச்சிருக்குற எடது பக்க காது, அதாவது சேஸ் பைப்புக்கு அடியில வெல்டு வச்சிருப்பாங்கள்ல அந்த பிராக்கெட்டு, அது பைப்புல இருந்து பேப்பர் கிழிஞ்ச மாதிரி கிழிஞ்சு வந்துருச்சு. என் வண்டில பின் பிரேக் பெடலும் அதே ஸ்டாண்டு ராடுல தான் மாட்டியிருக்கும், பழைய 100 சிசி வண்டி நெறைய அப்படித்தான் வரும். காது போனா ஸ்டாண்டு மட்டும் போகல, பிரேக்கும் சேந்து போகுது. இது எனக்கு அந்த ரோட்டுல நிக்கும்போது தான் தெரிஞ்சது. உங்க வண்டியும் அந்த மாதிரின்னா இத ஸ்டாண்டு பிரச்சனன்னு நெனைக்காதீங்க, பிரேக் பிரச்சனன்னு நெனைங்க.

உங்களுக்கும் நடுரோட்டுல இப்படி ஆச்சுன்னா மொதல்ல ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, வண்டிய பின்னாடி உருட்டாதீங்க. மடக்குன ஸ்டாண்டு கால் பின்னாடி பாத்து தான் இருக்கும், முன்னாடி போனா இழுபட்டுக்கிட்டு வரும். பின்னாடி உருட்டுனா தரையில குத்தி நின்னு மிச்ச காதையும் பிச்சு எடுத்துரும். நான் பெட்டி கட்டியிருந்த பிளாஸ்டிக் கயித்த அவுத்து ஸ்டாண்ட தூக்கி கேரியர்ல கட்டினேன், ரெண்டு கிலோமீட்டர்ல சைலன்சர் சூட்டுல கயிறு உருகி மறுபடி தொங்கிருச்சு. அப்புறம் ஒரு டீக்கடைல கட்டு கம்பி வாங்கி, வலது பக்கம் சைலன்சர்ல படாம, எடது பக்கம் செயின்ல சிக்காம, நடுவுல நேரா மேல இழுத்து முறுக்கி கட்டினேன். கயிறோ கம்பியோ செயின்ல சிக்குனா வீலு லாக் ஆயிரும், அது இத விட மோசம். பெட்டி ரெண்டுல உள்ள மக்ரூன் பூரா பொடிஞ்சு போச்சு, 1,150 ரூவா சரக்கு. மக்ரூன் தெரியும்ல, முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும் சேத்து செய்யுறது, ஒரு குலுக்கு குலுக்குனா போச்சு.

இது திடீர்னு வந்ததுன்னு நான் அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன். உண்மையில ஒரு வருஷமா வண்டி சொல்லிக்கிட்டே தான் இருந்துச்சு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எங்க ஊர்க்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை பெஞ்ச வெள்ளம் அது. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, வண்டி அஞ்சு நாள் தண்ணிக்குள்ள நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் மெக்கானிக்குகிட்ட தள்ளிக்கிட்டு போனேன், அப்ப ஊர்ல எல்லா ஒர்க்‌ஷாப் வாசல்லயும் வண்டி வரிசையா நின்னுச்சு. இஞ்சின் ஆயில் ரெண்டு தடவ மாத்தி, கார்புரேட்டர் கழட்டி கழுவி, பிளக்கு, பிரேக் ஷூ, வீல் பேரிங் எல்லாம் பாத்தாச்சு. ஸ்டாண்டு ராட யாரும் கழட்டல, நானும் கேக்கல. ஓடுறதுக்கு தேவையான பாகம் இல்லையேன்னு அது யாரு கண்ணுக்கும் படாது. உப்பும் சேறும் கலந்த தண்ணி அந்த ராடுக்கும் ஸ்டாண்டு பைப்புக்கும் நடுவுல போய் உக்காந்துக்கிச்சு, ஏற்கனவே எங்க ஊரு காத்துலயே உப்பு, கேக்கவே வேண்டாம்.

அதுக்கு அப்புறம் நடந்தத வரிசையா சொல்றேன், உங்க வண்டில இதுல ஏதாவது இருக்கான்னு பாத்துக்கோங்க. மொதல்ல ஸ்டாண்டு எடுத்தா பாதில நின்னுரும், கால வச்சு தட்டி விட்டா தான் மேல போகும். மெக்கானிக் ஸ்பிரிங் லூசுன்னாரு, புதுசு போட்டேன். மூணு மாசத்துல மறுபடி அதே கதை, மறுபடி ஸ்பிரிங்கு. மூணாவது தடவயும் ஸ்பிரிங்கு. ஒவ்வொண்ணும் 60 ரூவா தான்னு யோசிக்காம கொடுத்தேன். நடுவுல பிரேக் பெடல் மெதுவா தான் மேல வரும், சில நாள் பிரேக் லைட்டு அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பிரேக் டிரம்மு சூடாகும். அதுக்கு பிரேக்க லூஸ் பண்ணி விட்டோம். அப்புறம் பள்ளத்துல போனா அடியில டக்கு டக்குன்னு சத்தம். கடைசில ஸ்டாண்டு போட்டா வண்டி எடது பக்கமா ஒரு விரல் அளவு சாஞ்சு நிக்கும். அந்த சாய்வு வந்தப்போவே காது பாதி கிழிஞ்சிருக்கும்னு இப்ப எனக்கு புரியுது. இது எல்லாமே ஒரே நோயோட அறிகுறி, நாங்க ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மாத்திரை கொடுத்துக்கிட்டு இருந்தோம்.

நோய் என்னன்னு பின்னாடி ஒரு லேத்து பட்டறை அண்ணாச்சி எனக்கு ஒரு பழைய ராட கையில கொடுத்து காட்டினாரு. ராடு காதுல அசையாம இருக்கணும், ஸ்டாண்டு பைப்பு மட்டும் அந்த ராடு மேல சுத்தணும். அதுக்குத்தான் ராடோட ஒரு முனைல சுத்தாம இருக்க ஒரு நாக்கு மாதிரி தகடு வச்சிருப்பாங்க, மறுமுனைல வாஷரும், ராடு கழண்டு வராம தடுக்குற காட்டர் பின்னும். உள்ள துரு புடிச்சு பைப்பும் ராடும் ஒண்ணா ஒட்டிக்கிச்சுன்னா, நம்ம ஸ்டாண்ட மிதிக்கும்போது சுத்த வேண்டியது சுத்தாது, ராடே காதுக்குள்ள சுத்த ஆரம்பிக்கும். பைப்பு நீளமா இருக்கும், தேஞ்சாலும் தாங்கும். காது வெறும் தகடு. கொஞ்ச நாள்ல வட்ட ஓட்டை முட்டை மாதிரி ஆயிரும், ஆட்டம் வரும், ஒவ்வொரு பள்ளத்துலயும் ஸ்டாண்டு வெயிட்டு சுத்தியல் மாதிரி காத அடிக்கும், வெல்டு ஓரத்துல விரிசல் விடும். நம்ம மிதிக்குற கொம்பு எடது பக்கம் இருக்குறதால எடது காது தான் மொதல்ல போகும். நான் மாத்தின மூணு ஸ்பிரிங்கும் நல்லா தான் இருந்துச்சு, ஒட்டிப்போன ராட இழுக்க அதுங்களால முடியல, அவ்வளவுதான்.

நான் பண்ணின தப்பும் இதுல இருக்கு. சரக்கு முழுசா ஏத்தின வண்டில ஸ்டாண்டு போட்டபடியே மேல ஏறி உக்காருவேன், அப்படியே கணக்கு நோட்டு எழுதுவேன், அப்படியே உக்காந்துக்கிட்டே ஒரு உந்து உந்தி ஸ்டாண்ட எடுப்பேன். 60 கிலோ சரக்கு, நான் ஒரு 70 கிலோ, எல்லாம் அந்த ரெண்டு தகட்டு மேல. காலையில ஸ்டாண்டு போட்டபடியே கிக்கரும் அடிப்பேன். இப்ப எறங்கி நின்னு, ஹேண்டில்பார ஒரு கைலயும் பின் கம்பிய ஒரு கைலயும் புடிச்சு தான் எடுக்குறேன். சரக்கு ஏத்துறதுக்கு ஸ்டாண்டு போட்டு வைக்குறது தப்பில்ல, வெறும் வண்டில போட்டுட்டு அப்புறம் ஏத்துங்க, மேல ஏறி உக்காராதீங்க.

சரி, மொத ரிப்பேருக்கு வர்றேன். பொங்கல் நேரம், வருஷத்துலயே நல்லா யாவாரம் ஆகுற வாரம், நாளைக்கு காலையில லைனுக்கு, அதாவது கடை கடையா சரக்கு போட, போயே ஆகணும்ங்குற அவசரம். மெயின்ரோட்டுல கேட்டு ஜன்னல் செய்யுற ஒரு வெல்டிங் பட்டறைக்கு போனேன். அவரு ஒண்ணும் கழட்டல. டேங்கு மேலயே இருக்கு, பேட்டரி ஒயரு மாட்டியே இருக்கு, பிஞ்ச எடத்துல துருவும் பெயிண்டும் அப்படியே இருக்கு. எர்த்து கிளிப்ப கொண்டு போய் ஹேண்டில்பார்ல மாட்டினாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு தான் இருந்தேன், ஒரு வார்த்த கேக்கல. பெட்ரோல் டேங்குக்கு அடியில தீப்பொறி பறக்குது, அத நெனச்சா இப்ப தான் பயம் வருது. கால் மணி நேரம், 350 ரூவா. பாக்க தடிமனா, நல்லா கெட்டியா தான் இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலமே ஹெட்லைட் பல்பு பியூஸ் ஆச்சு. மறுநாள் பின்னாடி லைட்டும் போச்சு. மூணாவது நாள் பேட்டரி மூடி பக்கம் புளிப்பு வாடை, தொட்டா கொதிக்குது. எலக்ட்ரீசியன் பாத்துட்டு ரெகுலேட்டர் போயிருச்சு தம்பி, கரண்டு கட்டுப்பாடு இல்லாம ஏறி பேட்டரியையும் வேக வச்சிருச்சு, வெல்டிங் ஏதும் வச்சீங்களான்னு நேரா கேட்டாரு. வெல்டிங் மிஷினோட கரண்டு எர்த்து கிளிப்புக்கு திரும்பி போற வழில சேஸ் முழுக்க ஓடும், வழியில உள்ள ஒயரிங்குக்குள்ளயும் பூந்துரும். ரெகுலேட்டர் 550, பேட்டரி 1,150, பல்பு கூலி எல்லாம் சேத்து 300, மொத்தம் 2,000 ரூவா, 350 ரூவா வேலைக்கு. வெல்டாவது நின்னுச்சான்னா அதுவும் பதினோராவது நாள் ஆத்தூர்ல கடை வாசல்ல ஸ்டாண்டு போடும்போது பொளிச்னு விட்டுருச்சு. உடைஞ்ச எடத்த பாத்தா வெல்டு மேல மேல தான் ஒட்டியிருக்கு, அடியில செவப்பா துரு அப்படியே இருக்கு. துரு மேல வச்ச வெல்டு இரும்ப புடிக்கவே இல்ல.

அதனால யாருகிட்ட வெல்டிங்குக்கு விட்டாலும் நீங்க பக்கத்துல நின்னு இத கேட்டு வாங்குங்க, அவங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. பேட்டரிய கழட்டணும், நெகட்டிவ் ஒயர மொதல்ல. சிடிஐ (பிளக்குக்கு பொறி அனுப்புற பெட்டி) சாக்கெட்டு, ரெகுலேட்டர் சாக்கெட்டு ரெண்டையும் உருவி விடணும். இன்ஜெக்‌ஷன் வண்டின்னா இசியு (இஞ்சின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் பெட்டி) சாக்கெட்டும். டேங்க கழட்டி நல்ல தூரத்துல வைக்கணும், பெட்ரோல் கொஞ்சமா தான் இருக்குன்னு விடாதீங்க, காலி டேங்குல நிக்குற ஆவி தான் இன்னும் ஆபத்து. எர்த்து கிளிப்பு வெல்டு வைக்குற எடத்துக்கு ஒட்டுனாப்புல, பெயிண்டு சுரண்டுன இரும்புல இருக்கணும். விரிசல் விட்ட எடத்த கிரைண்டர் போட்டு வெள்ளி மாதிரி பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்க்கணும். இதுல ஒண்ணு செய்யலன்னாலும் வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

ரெண்டாவது தடவ நான் வேற வழில போனேன், அதுவும் தப்பு. பழைய ஸ்டாண்டு வளைஞ்சிருக்கு, புதுசு போட்டா சரியாயிரும்னு ஒருத்தர் சொன்னாருன்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல 750 ரூவாய்க்கு ஸ்டாண்டு வாங்கிட்டேன். கம்பெனி பேரு சரி, மாடல் பேரும் கிட்டத்தட்ட சரி. ஆனா என் வண்டி 18 இஞ்ச் வீலு, அது 17 இஞ்ச் வீலுக்கு வர்ற ஸ்டாண்டு. விட்டத்துல ஒரு இஞ்ச்னா உயரத்துல அர இஞ்ச், அதாவது 12 எம்எம்க்கு மேல குட்டை. போதாததுக்கு நான் சரக்குக்காக பின்னாடி 2.75 டயர எடுத்துட்டு 3.00 டயரு போட்டிருந்தேன், அதுல ஒரு ஆறு எம்எம் உயரம் கூடியிருக்கு. ஸ்டாண்டு போட்டா பின் டயரு தரைய விட்டு எந்திரிக்கவே இல்ல. மாட்டி பாத்த ஸ்டாண்ட கடைல திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. பழசயும் கையில கொண்டு போயி, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ராடு ஓட்டைல இருந்து பாதம் வரைக்கும் டேப்பு வச்சு அளந்து வாங்கியிருந்தா இந்த 750 மிச்சம். என் பழைய மெக்கானிக் முட்டை மாதிரி ஆன ஓட்டைல ராடுக்கு பதிலா ஒரு பெரிய போல்ட்டு நட்டு போட்டு இறுக்கியும் விட்டாரு, 200 ரூவா. போல்ட்டு மரை அரம் மாதிரி, ஒரு வாரத்துல வலது பக்கம் நல்லா இருந்த காதையும் தின்னுருச்சு. மரை இருக்குற பாகத்துல எதையும் சுத்த விடக்கூடாது, காதுக்குள்ள வர்ற எடம் வழவழன்னு இருக்கணும். அவசரத்துக்கு போட்டா கூட ரெண்டு நாளைக்கு மேல ஓட்டாதீங்க.

அந்த வாரம் நான் ரொம்ப உடைஞ்சு போயிட்டேன். யாவாரம் போச்சு, கடைக்காரங்க வேற லைன்காரங்ககிட்ட சரக்கு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, வீட்டுல வண்டிய வித்துருவோம்னு பேச்சு. அது எங்கப்பா வச்சிருந்த வண்டி, அவரு ஹார்பருக்கு வேலைக்கு போனது அதுல தான். வித்தா பழைய இரும்பு விலை தான் தருவாங்கங்குறது ஒரு பக்கம், ஆனா மனசு கேக்காதது தான் பெரிய விஷயம். அப்ப ஆறுமுகநேரில ஒரு கடைக்காரர் தான் சொன்னாரு, வெல்டிங் பட்டறைக்கு போகாத, லேத்து பட்டறைக்கு போன்னு. தூத்துக்குடில லாரி, லாஞ்சு படகு பார்ட்ஸ் எல்லாம் கடையுற பட்டறை ஒண்ணுக்கு போனேன். அந்த அண்ணாச்சி குனிஞ்சு பாத்துட்டு, "இத ஒட்ட வைக்க வந்தியா, சரி பண்ண வந்தியா? சரி பண்ணனும்னா மூணு நாள் வண்டிய விட்டுட்டு போ"ன்னாரு. நான் விட்டுட்டு போகல, மூணு நாளும் அங்கேயே தான் இருந்தேன், அவரும் ஒண்ணும் சொல்லல, நடுநடுவுல ஸ்பானர் எடுத்து கொடுக்க சொல்வாரு.

மொத நாள் கழட்டுறதுக்கே போச்சு. சீட்டு, டேங்கு, பேட்டரி, சைலன்சர், புட்ரெஸ்ட் கம்பி எல்லாம் வெளிய. ஸ்டாண்டு இல்லாம வண்டிய நிக்க வைக்குறது தான் பெரிய வேல. ஹாலோ பிளாக் கல்லு வைக்கவான்னு கேட்டேன், அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும்னு திட்டினாரு. இஞ்சினுக்கு அடியில மரக்கட்டை, முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் ஆப்பு, மேல உத்தரத்துல இருந்து பின் பக்கத்த சங்கிலில தொங்க விட்டாரு. போல்ட்டு ஏத்துறப்ப பழைய மெக்கானிக் ராட உருவாம பாதில வெட்டி விட்டிருக்காரு, பெடல் பைப்புக்குள்ள ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு நிக்குது. அத சுத்தியல் வச்சு அடிக்கல. மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊத்தி ராத்திரி முழுக்க விட்டு, காலையில கேஸ் டார்ச்சு வச்சு வெளி பைப்ப மட்டும் சூடு காட்டி, அது விரிஞ்சதும் உள்ள உள்ள துண்ட ஒரு பித்தளை கம்பி வச்சு தட்டினாரு, நாலு தட்டுல வந்துருச்சு. வந்த துண்ட வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்து காட்டினாரு, நடுவுல ஒரு எம்எம்க்கு மேல தேஞ்சு, ஒரு பக்கமா பள்ளம் விழுந்து இருந்துச்சு. எல்லாம் 2023 வெள்ளத்து சேறு, காஞ்சு சிமெண்டு மாதிரி இறுகி போயிருந்துச்சு.

ரெண்டாவது நாள் தான் வெல்டு. எடது காது தேறாது, சுத்தமா அறுத்து எடுத்துட்டு 6 எம்எம் எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட்டுல அதே அச்சுல புதுசு வெட்டினாரு. சேஸ் பைப்ப தட்டி தட்டி பாத்து, நல்ல இரும்பு எங்க இருக்குன்னு தேடி, காதோட ஓரத்த ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டி விட்டாரு, பழைய வெல்டு இருந்த அதே கோட்டுல மறுபடி வச்சா ஏற்கனவே சூட்டுல நொந்த எடத்துலயே பாரம் விழும்னு சொன்னாரு. வலது காதுல சின்ன விரிசல் தான். அந்த விரிசல் முடியுற நுனில 3 எம்எம் பிட்டு போட்டு ஒரு ஓட்டை, அப்புறம் விரிசல் நெடுக கிரைண்டர்ல வி மாதிரி வெட்டி, உள்ள இருந்து நெரப்பினாரு. நுனில ஓட்டை போடலன்னா வெல்டுக்கு அந்தப் பக்கம் விரிசல் தொடர்ந்து ஓடிரும். 7018 வெல்டிங் ராடு தான் போட்டாரு, அத முன்னாடியே சூடு காட்டி ஈரம் போக்கி வச்சிருந்தாரு.

இந்த வேலைல உயிர்நாடி என்னன்னா ரெண்டு காதுலயும் ஓட்டை ஒரே நேர்கோட்டுல வரணும். அதுக்கு அவரு புதுசா கடைஞ்ச நேரான கம்பிய ரெண்டு காதுலயும் விட்டு வச்சுக்கிட்டே தான் மொதல்ல நாலு எடத்துல சின்னதா வெல்டு புள்ளி வச்சாரு. கம்பி கையால சுத்துதான்னு பாத்தாரு, கொஞ்சம் இறுகுச்சு, ஒரு புள்ளிய அறுத்துட்டு திருப்பி வச்சாரு. அப்புறம் ஒரு இஞ்ச் இந்தப் பக்கம், ஆற விட்டு ஒரு இஞ்ச் அந்தப் பக்கம். ஒரே மூச்சுல இழுத்தா சூட்டுல காது ஒரு பக்கமா இழுத்துக்கும், அப்புறம் ராடு போகாது. பக்கத்துல சுவிங்ஆர்ம் (பின் வீல தாங்குற கை) புஷ்ல ரப்பர் இருக்குங்குறதால அது மேல ஈர சாக்கு சுத்தியிருந்தாரு. ஆனா வெல்டு மேல தண்ணி ஊத்த விடல, தண்ணி ஊத்துனா கண்ணாடி மாதிரி நொறுங்கும்னு சொன்னாரு. ஆறுனதும் பின் டயர்ல இருந்து முன் டயர் வரைக்கும் ரெண்டு பக்கமும் நூல் புடிச்சு பாத்தோம், வீலு நேரா தான் இருந்துச்சு.

மூணாவது நாள் பண்ணினது தான் எனக்கு ரொம்ப புடிச்சது. பழைய ஸ்டாண்டையே நிமித்தி, அதோட பைப்புக்குள்ள ரெண்டு பக்கமும் இரும்பு புஷ்ஷு ஏத்தினாரு. இஎன் 8ங்குற எஃகு கம்பில ராடு கடைஞ்சு, அதுல சுத்தி சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு கோடு வெட்டி, ஸ்டாண்டு பைப்புலயும் பெடல் பைப்புலயும் ஆளுக்கு ஒரு கிரீஸ் நிப்பிள் வச்சுக் கொடுத்தாரு. லாரில எல்லாம் இருக்குமே அது தான். இனிமே ராட கழட்டாமயே கிரீஸ் கன்னு வச்சு அடிக்கலாம். நிப்பிள் எங்க வைக்கணும்னு ஸ்டாண்டு போட்ட நிலைல கன்னு உள்ள நுழையுதான்னு வச்சு பாத்துட்டு தான் ஓட்டை போட்டாரு. ஓட்டை போட்ட தூள் உள்ள ஒரு பொடி கூட இல்லாம துடைச்சாரு. பெரிய டயருக்காக ஸ்டாண்டு பாதத்துக்கு அடியில ரெண்டு பக்கமும் 6 எம்எம் பிளேட்டு ஒட்டினாரு, ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்டாண்ட மடக்கி பாத்து செயின்லயும் சைலன்சர்லயும் முட்டலன்னு உறுதி பண்ணிக்கிட்டாரு. ஸ்டாப்பரும் தேஞ்சிருந்துச்சு. அது தேஞ்சா ஸ்டாண்டு கால் அளவுக்கு மேல முன்னாடி போயிரும், வண்டி தாழ்ந்து ரெண்டு வீலும் தரையில உக்காந்துக்கும், எடுக்கவும் கஷ்டம். அதுல கொஞ்சம் வெல்டு நெரப்பி, தேய்ச்சு அளவு வச்சாரு. உயரத்த ஆசைக்கு கூட்டாதீங்க, பின் டயரு தரைய விட்டு ரெண்டு விரல் எந்திரிச்சா போதும், கூட்டினா ஒத்த ஆளா சரக்கோட ஸ்டாண்டு போட முடியாது.

ஸ்பிரிங்கு மாட்டுறதுக்கு நானா போராடி ஒரு தடவ விரல கிழிச்சிருக்கேன். அண்ணாச்சி பட்டறைல பையன் ஒருத்தன், ஸ்பிரிங்க வைஸ்ல வச்சு வளைச்சு வளைச்சு ஒவ்வொரு சுத்துக்கு நடுவுலயும் ஒரு மெல்லிசு வாஷர சொருகினான். ஸ்பிரிங்கு தானா நீண்டு நின்னுச்சு, கொக்கில சும்மா மாட்டிட்டு, ஸ்டாண்ட எறக்கினதும் வாஷர் எல்லாம் கீழ உதிர்ந்துருச்சு. வீட்டுல ஒரு ரூவா காச வச்சு கூட இத செய்யலாம், கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க.

வெல்டு வச்ச எடத்துல ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, அதுக்கு மேல கருப்பு பெயிண்டு. பைப்போட உள் பக்கம் தான் சீக்கிரம் துரு புடிக்கும்னு சிரிஞ்ச்ல கிரீஸும் ஆயிலும் கலந்து ஓட்டை வழியா உள்ள விட்டாரு. எங்க ஊரு மாதிரி கடலோரத்துல இருக்குறவங்க இத கண்டிப்பா செய்யுங்க.

பட்டறை கூலி சாமானோட 2,200, பெயிண்டு, சைலன்சர் கேஸ்கட்டுன்னு 300, ஆக 2,500. இதுக்கு முன்னாடி வீணா போனது ஸ்பிரிங்கு 180, மொத வெல்டிங் 350, கரண்டு வேல 2,000, ஸ்டாண்டு 750, போல்ட்டு 200, சரக்கு 1,150. லைனுக்கு போகாத நாள் மொத்தம் பதினொண்ணு, நாளுக்கு 600 வச்சா கூட 6,600. எல்லாம் சேத்தா 13,730 ரூவா. நேரா இவருகிட்ட போயிருந்தா 2,500 ரூவாயும் மூணு நாளும் தான். வெள்ளம் வடிஞ்ச வாரத்துல ராட உருவி துடைச்சு கிரீஸ் வச்சிருந்தா நூறு ரூவா கூட ஆகியிருக்காது. 2023ல உங்க வண்டியும் தண்ணில நின்னிருந்தா, சத்தம் வரல, நல்லா தான் இருக்குன்னு விடாதீங்க, இந்த ஞாயித்துக்கிழமையே காட்டர் பின்ன உருவி ராட வெளிய எடுத்து பாருங்க. வராம அடம் புடிச்சா அதுவே உங்களுக்கு பதில். ராடு வெளிய இருக்கும்போது பெடலும் கழண்டு வந்துரும், திருப்பி மாட்டினதும் பிரேக் அட்ஜஸ்ட்மெண்டும் பிரேக் லைட்டு சுவிட்சும் பாத்துட்டு தான் ரோட்டுக்கு எடுக்கணும். காட்டர் பின்ன பழசயே நிமித்தி போடாதீங்க, ரெண்டு ரூவா தான், புதுசு போடுங்க.

இப்ப மாசம் ஒரு தடவ வாசல்ல ஸ்டாண்டு போட்டு ரெண்டு நிப்பிள்லயும் கன்னு வச்சு அமுக்குறேன், ஓரத்துல பழைய கிரீஸ் பிதுங்கி வரும், துணிய வச்சு துடைச்சு கலர பாப்பேன். கருப்பா வந்தா சரி. போன மழைக்கு முக்காணி பக்கம் ரோட்டுல தேங்குன தண்ணிக்குள்ள ரெண்டு நாள் போயிட்டு வந்தேன், அந்த வாரம் பால் கலந்த மாதிரி வெளுத்து வந்துச்சு, தண்ணி உள்ள போயிருக்குன்னு அர்த்தம். சுத்தமான கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் அமுக்கினேன், பதினஞ்சு அமுக்கு ஆச்சு.